திருட்டுக் கண்டென்சர்

“ஊரே ஒண்ணு கூடி வந்து சொன்னாலும் சரி, என் காது ஒத்துக்காம நான் ஒரு இடத்துலகூட ஈயம் வைக்கமாட்டேன்.”

ரேடியோ மெக்கானிக் இந்தப் பிரகடனத்தைச் செய்தது மீட்டர் விற்க வந்த ஒரு மனிதரிடம். அவர் பாவம், டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெயிலில் நடந்து வந்து, பெட்டியைத் திறந்து, ஒரு கருவியை எடுத்து மேசைமேல் வைத்தார். ரேடியோவுக்குள் இருக்கும் கண்டென்சர் என்ற பொடிச் சாமானின் இரண்டு கம்பிக் கால்களையும் அதில் பிடித்தால் போதும், அது உயிரோடிருக்கிறதா, செத்துவிட்டதா, இழுத்துக்கொண்டிருக்கிறதா என்று அந்தக் கருவி எண்ணில் சொல்லிவிடும். மெக்கானிக் அதைத் தொடவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“சாப்பிட்டு எழுந்து, எனக்குப் பசி அடங்கிடுச்சான்னு பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்பீங்களா? அந்த மாதிரி இருக்கு நீங்க சொல்றது” என்றார். அதற்கப்புறம்தான் மேற்படி பிரகடனம். விற்க வந்தவர் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பக்கத்துக் கடைத் தையல்காரர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டிருந்தார். ஆகவே பிரகடனம் அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே அறிவிக்கப்பட்டது.

தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். காது எல்லோருக்கும்தான் இருக்கிறது. ஆனால் கார் எல்லோரிடமும் இருந்தாலும் ஒருவரைத்தானே கார்க்காரர் என்கிறோம், அந்தக் கணக்கு. அவருடைய கடை என்பது அவருடைய வீட்டின் முன்னறை. நடுவில் ஒரு திரைச்சீலை. திரைக்கு இந்தப் பக்கம் மேசை, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன், வயிறு திறந்து கிடக்கும் ரேடியோக்கள். அந்தப் பக்கம் மனைவி, அடுப்பு, குடும்பம். இந்தப் பக்கத்துக் குறைகளைப் பற்றி அந்தப் பக்கம் பேசக்கூடாது என்பது எழுதாத சட்டம். அந்தப் பக்கத்துக் குறைகளைப் பற்றி இந்தப் பக்கம் தாராளமாகப் பேசலாம்.

அவர் வேலை செய்யும் விதம் பார்க்கத் தகுந்தது. பெட்டியைப் போட்டுவிட்டு, உள்ளேயிருக்கும் கண்ணாடி வால்வுகள் சூடேறும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பிறகு வலது காதைச் சாய்ப்பார். கல்யாண வீட்டில் பெரிய மனிதர் ரகசியம் கேட்பதுபோல அப்படி ஒரு சாய்ப்பு. கையில் ஒரு நீண்ட மரக்குச்சி. அதனால் உள்ளேயிருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுவார். எந்த இடத்தில் குச்சி பட்டதும் குரல் மாறுகிறதோ அங்கேதான் வியாதி. உறுமினால் ஃபில்டர் கண்டென்சர் வற்றிப்போச்சு. கரகரத்தால் கசிவு. விட்டு விட்டு மூச்சு வாங்கினால் உள்ளே கால் கழன்றிருக்கிறது. சொன்னால் சொன்னதுதான். பல வருடம் அது தப்பியதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

பாடப்புத்தகத்தில் இதற்கு மின்தேக்கி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்டால் தண்ணீர்த் தொட்டி விற்கும் இடத்துக்கு வழி காட்டுவார்கள். தொழிலில் இருப்பவர்களுக்கு அது கண்டென்சர். சுண்டுவிரல் அளவில் ஒரு காகிதக் குழாய், இரண்டு முனையிலும் மெழுகு, உள்ளே சுருட்டிய தகடு. பழைய ரேடியோ ஒன்றில் மற்ற எல்லாம் பேரன் காலத்துக்கும் உழைக்கும். இது மட்டும் சும்மா இருந்தே கெட்டுப்போகும். பரணில் தூங்கவிட்டாலும் கெடும், ஓயாமல் பாடவிட்டாலும் கெடும். மெழுகு உருகும், வயிறு ஊதும், உள்ளே வற்றும், வெளியே கசியும். “மனுஷன் மாதிரின்னு வச்சுக்குங்க” என்பார் மெக்கானிக். சொல்வதோடு நிற்கமாட்டார். மனைவியின் பெரியண்ணன் வற்றிப்போன கண்டென்சர், இரண்டாவது அண்ணன் கசிகிற கண்டென்சர், கடைசித் தம்பி ஷார்ட் ஆனது, பக்கத்தில் வைத்தால் மற்றதையும் எரித்துவிடும் என்று வகை பிரித்துச் சொல்வார். திரைக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் சற்று உரக்கக் கேட்கும்.

கேட்கும் என்பது அந்தக் காலம்.

முதலில் போனது ‘ச’. தமிழ் நெடுங்கணக்கில் எத்தனையோ எழுத்துகள் இருக்க, அவருடைய காது அதைத்தான் முதலில் தள்ளிவைத்தது. மழை பிடிக்கப் போகிறது என்று ஒருநாள் மனைவி கொல்லையிலிருந்து, “என்னங்க, சட்டையெல்லாம் எடுத்து உள்ள போடுங்க” என்று குரல் கொடுத்தாள். அவர் விறுவிறுவென்று எழுந்துபோய், வாசலில் கிடந்த பழைய அட்டைப்பெட்டிகளையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்து உள்ளே அடுக்கினார். அட்டைகள் காப்பாற்றப்பட்டன. சட்டைகள் கொடியில் நனைந்து சொட்டின. மனைவி திரையை விலக்கி அட்டைகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீ அட்டைன்னுதான் சொன்னே.”

“ஆமா. அட்டையைத்தான் நாளைக்குப் போட்டுக்கிட்டு வெளியே போகப்போறீங்க.”

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு, இந்தக் காலத்து மனிதர்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பது. மனைவி மட்டுமல்ல, செய்தி வாசிப்பவர்கள், பால்காரர், பேருந்து நடத்துநர் எல்லோரும். நாக்கைத் தூக்கிப் பேச ஆளில்லை. குளிர்பெட்டிக் கதவு சரியாக மூடாவிட்டால் கீங் கீங் என்று கத்தும். அது கத்துவதை நிறுத்திவிட்டது என்று கண்டுபிடித்து, மலிவுச் சாமான் என்று நிறுவனத்தைத் திட்டினார். அது கத்திக்கொண்டேதான் இருந்தது. மனைவி எழுந்துபோய்க் கதவை மூடிவிட்டு வந்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைச் சொல்லி வந்திருக்கிறாள். அப்போதெல்லாம் அது வெறும் பழமொழி. அது மெல்ல உண்மையாகி வருகிறது என்று தோன்றியதும் சொல்வதை விட்டுவிட்டாள்.

வீட்டோடு போயிருந்தால் யாருக்கும் கஷ்டமில்லை. மேசைக்கு வரும் ரேடியோக்களிலும் அவருக்கு ஒரு புதுக் குறை தென்படத் தொடங்கியது. எல்லாப் பெட்டியும் மங்கலாகப் பாடின. போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல. மங்கல் என்றால் கண்டென்சர். மாற்றினார். மங்கல் போகவில்லை. மறுபடி மாற்றினார். புதிதாகப் போட்டதையே எடுத்துவிட்டு அதைவிடப் புதிதாகப் போட்டார். குரல் எதனால் மங்குகிறது என்று பத்து இடத்தில் பார்த்தவர், பதினோராவது இடமாகத் தன்னைப் பார்க்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது. தன் காது அதைவிட மோசம், அது பக்கத்திலேயே இருந்துகொண்டு ஏமாற்றும்.

கடைசியில் குற்றவாளியைப் பிடித்துவிட்டார். ஸ்பீக்கருக்குப் போகும் டிரான்ஸ்பார்மரின் குறுக்கே ஒரு பொடிக் கண்டென்சர் இருக்கும். கூர்மையான சத்தங்கள் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வதற்காக, வடிவமைத்தவன் யோசித்து வைத்தது. மெக்கானிக் அதன் ஒரு காலை வெட்டிப் பார்த்தார். குரல் பளிச்சென்று வந்தது. ஆகா என்று தொடையில் தட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அதற்குத் திருட்டுக் கண்டென்சர் என்று பெயர் வைத்தார். “சத்தத்துல பாதியை இவன்தான் திங்கிறான். கம்பெனிக்காரனுக்கே இது தெரியலை” என்று தையல்காரரிடம் விளக்கினார். வரும் பெட்டிகள் அனைத்திலும் அந்தத் திருடன் ஒழிக்கப்பட்டான்.

தெருவின் நிலைமை இங்கே பதிவு செய்யப்பட வேண்டும். முடிதிருத்தும் கடை ரேடியோவில் செய்தி வாசிப்பவர் ஊசியால் குத்திக் குத்தி வாசித்தார். மளிகைக் கடையில் பாட்டு போட்டால் வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்து எதிர்ப்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. தையல்காரர் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு தைத்தார். கேட்டால், குளிர் ஒத்துக்கொள்வதில்லை என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. பல வருடம் சரியாகச் செய்து கொடுத்த மனிதர். அவரிடம் போய் எப்படிச் சொல்வது? அவர்களுக்குத் தெரிந்த மரியாதை, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வது. இப்படி ஊரே ஒன்று கூடி, ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

சொன்னவர் சம்பந்தி.

மெக்கானிக்கின் ஒரே மகளை மருமகளாக எடுத்துக்கொண்ட வீட்டின் தலைவர். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சொல்லைச் சொல்லுமுன் அதன் நாலு எல்லையையும் அளந்து கல் நட்டுவிட்டுத்தான் சொல்வார். அவரும் மாப்பிள்ளையும் ஒரு பெரிய மர ரேடியோவை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் இறக்கினார்கள். அவருடைய அப்பா வாங்கியது. பாடி வெகுகாலமாகிறது.

“சம்பந்தி, இது பாடணும். ஆனா திறந்து பார்த்தா எங்கப்பா வாங்கினப்ப எப்படி இருந்ததோ அப்படியே இருக்கணும். முடியுமா?”

இந்த மாதிரிக் கேள்வியை மெக்கானிக்கிடம் கேட்கக்கூடாது. அவர் சிரித்தார். திரைக்குப் பின்னால் நின்றிருந்த மனைவிக்கு அந்தச் சிரிப்பு தெரியும். அன்றைக்கே மகள் போனில் கூப்பிட்டாள். மாமனார் அந்தப் பெட்டியை யாரையும் தொட விடமாட்டார், எங்கப்பா காதுக்கு ஈடே கிடையாது என்று நான்தான் சொல்லிச் சொல்லி அனுப்பவைத்தேன் என்றாள். பிறகு, “இந்த வீட்டுல உங்களைப் பத்திதான்பா நான் பெருமை பேசிக்கிட்டிருக்கேன்” என்றாள்.

அவர் அந்தப் பெட்டியில் செய்த வேலையைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். பழைய காகிதக் குழாய் ஒவ்வொன்றையும் கழற்றி, இதமாகச் சூடு காட்டி, மெழுகை இளக்கி, உள்ளே செத்துக் கிடந்த சுருளை முழுசாக உருவி எடுத்தார். வெறும் குழாய்க்குள் கடுகளவு புதுக் கண்டென்சரை வைத்து, அதே மெழுகை ஊற்றி மூடினார். குழாய்மேல் அச்சிட்டிருந்த எழுத்துகூட அழியவில்லை. வெளியே பழசு, உள்ளே புதுசு. சம்பந்தியின் அப்பாவே எழுந்து வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மங்கலாயிருந்த குரலை மட்டும் வழக்கமான முறையில் சரிசெய்தார். திருட்டுக் கண்டென்சரின் குழாய் அதனிடத்திலேயே இருந்தது. அதற்குள் மட்டும் ஒன்றும் வைக்காமல் மூடிவிட்டார்.

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் அதைப் பாடவிட்ட அன்று வீடே கூடியிருந்தது. வால்வுகள் சூடேறின. பாட்டு வந்தது. மெக்கானிக் எல்லோர் முகத்தையும் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். சம்பந்தியம்மா காதோரத்தில் கை வைத்து முடியைச் சரிசெய்வதுபோல அங்கேயே வைத்துக்கொண்டாள். மகள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பல்வலியோடு சிரிப்பவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

சம்பந்தி எழுந்துபோய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். உள்ளே எல்லாம் பழையபடியே. கண் கலங்கியது. “பிரமாதம் சம்பந்தி. வேலைன்னா இது வேலை” என்றார். அளந்து பார்த்துவிட்டு, “ஒரு சின்னக் கீச்சு மட்டும் கேட்குது. பாட்டுக்கு மேல, மெல்லிசா, விடாம” என்றார்.

மெக்கானிக் காதைச் சாய்த்தார். பாட்டுதான் இருந்தது. பளிச்சென்று, தெளிவாக, அழகாக. வேறு ஒன்றும் இல்லை.

“உங்க வீட்டுக் கரண்ட்ல இருக்கும்” என்றார்.

பெட்டி திரும்பி வந்தது. அவர் கரண்டைக் குறை சொன்னாலும் கண்டென்சர்களை மாற்றாமல் இல்லை. மறுபடி மெழுகு இளக்கி, மறுபடி உருவி, மறுபடி அடைத்துக் கொண்டுபோனார். கீச்சு இருந்தது என்றார்கள். ஏரியலைக் குறை சொன்னார். திரும்பவும் கொண்டுவந்தார். இந்த முறை திருடனின் குழாயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றினார். கொண்டுபோனார். கூடத்தில் இப்போது கூட்டம் குறைந்திருந்தது. சம்பந்தியம்மா உள்ளறையிலேயே இருந்துவிட்டாள். சம்பந்தி மிகுந்த சங்கடத்தோடு, “இருக்கு சம்பந்தி” என்றார்.

மனிதன் கையில் எதுவுமில்லாதபோது வாயில் ஏதாவது வந்துவிடுகிறது. “வயசானா காதுக்குள்ள ஒரு இரைச்சல் வரும் சம்பந்தி. தப்பா நினைச்சுக்காதீங்க. பெட்டில ஒண்ணுமில்லை, உங்க காதைக் காட்டுங்க” என்றார் மெக்கானிக்.

கூடத்தில் பாட்டு பாடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் கீச்சும் இருந்திருக்கும். சம்பந்தி வாசல்வரை வந்து வழியனுப்பினார். மகள் வரவில்லை.

வேறு யாராவதாக இருந்திருந்தால் அதோடு முறைத்துக்கொண்டு போயிருப்பார்கள், கதையும் முடிந்திருக்கும். சம்பந்தி அளவை செய்து பழகிய மனிதர். மறுநாளே பேருந்து பிடித்து ஒரு காது டாக்டரிடம் போய், தன் இரண்டு காதுகளையும் ஒப்படைத்துச் சோதித்துக்கொண்டார். இரண்டும் வயதுக்கு மிக நன்றாக இருக்கின்றன என்றார்களாம். இதை அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சம்பந்தி கவலைப்பட்டாரே, ஒன்றுமில்லை என்று சொல்லிவிடு என்று மருமகளிடம் சொன்னார். மகள் போனில் அதை அப்படியே ஒப்பித்தாள். அவளுடைய குரல் அவருக்கு மங்கலாகக் கேட்டது.

“அப்பா, நீங்களும் ஒருதடவை போய்ட்டு வாங்களேன். எனக்காக.”

மனைவியோடு போனார். வழியெல்லாம், சம்பந்தி மனது கோணக்கூடாது என்பதற்காகத்தான் வருகிறேன் என்று அவளிடம் எடுத்துரைத்தார்.

கண்ணாடி வைத்த ஒரு சிறிய அறை. தலையில் ஹெட்போன். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் உட்கார்ந்து கருவியைத் திருகினாள். மெக்கானிக் முதல் சில சத்தங்களைக் கேட்டு அழுத்தினார். பிறகு ஒரு நீண்ட அமைதி. அந்தப் பெண்ணின் தோள் லேசாக அசைவதைக் கவனித்தார். அசையும்போதெல்லாம் அழுத்தினார். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அவளுடைய கணக்குப்படி, எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு வௌவாலுக்குக் கேட்பதெல்லாம் கேட்கிறது. பெருமையோடு அவளைப் பார்த்தார். அவள் எழுந்து, கண்ணாடிக்குத் திரை போட்டுவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

திரை போட்டபின் அந்த அறையில் ஒன்றுமே இல்லை. அவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுத்தலாமா என்று கட்டைவிரல் கேட்டது. எப்போது அழுத்துவது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று.

டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். காதுக்கு உள்ளே, வெகு உள்ளே, மயிரிழைபோலச் சில இருக்கின்றன. மெல்லிய, கூரிய சத்தங்களைப் பிடிப்பவை வாசலோரத்தில் இருப்பதால் அவைதான் முதலில் பழுதாகும். ஆளைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். இவருக்கு முன்னே ஆகிவிட்டது.

“வெளியில பழசாவே இருக்கட்டும் டாக்டர். உள்ள மட்டும் புதுசு வைக்க முடியாதா?” என்றார் மெக்கானிக். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. டாக்டர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டு, முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“முடியாதுங்க.”

“வெளிநாட்டுல?”

“எங்கயும் முடியாது.”

காதில் மாட்டும் கருவி ஒன்று உண்டு, கொஞ்சம் உதவும், ஆனால் பழைய காதாகிவிடாது என்றார் டாக்டர். அதற்குள்ளேயும் கண்டென்சர் இருக்குமா என்று கேட்டார் மெக்கானிக். இருக்கலாம் என்றார் டாக்டர். மெக்கானிக் தலையை ஆட்டினார். எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த மனைவியிடம், “அழுக்குதான், எடுத்துட்டாங்க” என்றார். அவள் சரி என்றாள். டாக்டர் அறைக் கதவு அத்தனை தடிமனானதல்ல என்பதை அவள் சொல்லவில்லை. காதும் காதும் வைத்தாற்போல என்பார்களே, இருவரும் அப்படியே பேருந்தில் வீடு வந்தார்கள்.

அதற்கப்புறம் சில நாள் அவர் மேசையில் உட்கார்ந்தார், எழுந்தார். அயர்னைச் சூடாக்கினார், ஆறவிட்டார். மாப்பிள்ளையைக் கொண்டு மறுபடி எடுத்துவரச் செய்த சம்பந்தியின் பெட்டி வயிறு திறந்தபடி கிடந்தது. அதைப் போட்டுக் கேட்பார், அழகாகப் பாடும். தனக்கு மட்டும் அழகாகப் பாடுகிற பெட்டியை என்ன செய்வது? எந்தக் கண்டென்சர் கத்துகிறது என்று தட்டிப் பார்க்கக் குச்சி இருந்தது, கை இருந்தது. கத்துவது கேட்டால்தானே.

ஒரு காலை, பட்டன் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கத் தையல்காரரிடம் போனார். தையல்காரர் வழக்கம்போலப் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில். நெற்றியில் வியர்வை. பக்கத்தில் ரேடியோ, மெக்கானிக் செய்து கொடுத்தது, ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் பஞ்சைப் பார்த்தார். ரேடியோவைப் பார்த்தார். மறுபடி பஞ்சைப் பார்த்தார்.

“குளிர் இன்னும் விடலையா?” என்றார்.

தையல்காரர் பஞ்சை எடுக்கப் போனார்; கை பாதியில் நின்றது. “விட்டுடும்ணே” என்றார்.

மெக்கானிக் சட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. நேராகப் போய் மேசைமுன் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, “இங்க வா” என்றார்.

மனைவி ஈரக்கையோடு வந்தாள். திரைக்கு இந்தப் பக்கம் வேலை நேரத்தில் அவள் கூப்பிடப்பட்டது அதுவே முதல்முறை. எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள். ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தாள்.

“கீச்சு கேட்குதா?”

“கேட்குது.”

“எப்பலேர்ந்து?”

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். “இந்தப் பெட்டிலயா, எல்லாப் பெட்டிலயுமா?”

அவர் குச்சியை எடுத்து முதல் கண்டென்சரைத் தட்டினார். அவளைப் பார்த்தார். இருக்கு என்றாள். அடுத்ததைத் தட்டினார். இருக்கு. கம்பி ஒன்றைத் தள்ளிப் பார்த்தார். இருக்கு. தான் பாடுபட்டு மெழுகு ஊற்றிய குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒவ்வொரு முறையும் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பரீட்சை முடிவு பார்க்கும் பையனுக்குக்கூட அந்தப் பார்வை வராது. இருக்கு, இருக்கு, இருக்கு. எல்லாக் குழாயும் முடிந்துவிட்டது. ஒன்று மட்டும் மீதி. அதைத் தட்டிப் பயனில்லை, அதற்குள் ஒன்றுமில்லை.

டப்பாவிலிருந்து ஒரு பொடிக் கண்டென்சரை எடுத்தார். அதன் இரண்டு கால்களையும் டிரான்ஸ்பார்மரின் குறுக்கே, பெட்டியை அணைத்துவிட்டுக் கவ்விகளால் பிடிக்க வைத்தார். மறுபடி போட்டார். வால்வுகள் சூடேறின. பாட்டு வந்தது, வந்த வேகத்தில் யாரோ அதன் தலையில் கம்பளியைப் போட்டு மூடியதுபோல இருந்தது. பாடுகிறவளின் குரலிலிருந்து ஓரமெல்லாம் உதிர்ந்துபோய், நடுவில் ஒரு மந்தமான முணுமுணுப்பு மட்டும் மிஞ்சியது.

“போயிடுச்சு” என்றாள் மனைவி.

அவர் அணைத்துவிட்டு அதைக் கழற்றினார். போட்டார். குரல் பளிச்சென்று வந்தது.

“வந்துடுச்சு” என்றாள்.

மறுபடி மாட்டினார். கம்பளி விழுந்தது.

“போயிடுச்சு.”

மறுபடி கழற்றினார். இதையே செய்துகொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொன்னாள். கடைசியில், “என்னங்க, நான் மாத்தி மாத்திச் சொல்லுவேன்னு பார்க்கறீங்களா? போனா போச்சுன்னுதானே சொல்லமுடியும்” என்றாள். அதில் கோபம் இல்லை.

அவர் அயர்னைச் சூடுபடுத்தினார். திருடனின் குழாயைக் கழற்றி, மெழுகை இளக்கி, அந்தப் பொடியனை உள்ளே வைத்து மூடினார். குழாயை அதனிடத்தில் பொருத்தி, ஒரு காலைக் கம்பியோடு சேர்த்து ஈயத்தைத் தொட்டார். புகை எழுந்தது. மற்றக் காலை வைக்குமுன் கொஞ்சம் தயங்கினார். வைத்துவிட்டார்.

பெட்டியைப் போட்டுவிட்டு, காதைச் சாய்க்காமல் நேராக உட்கார்ந்துகொண்டார். பாட்டு முடிந்து யாரோ பேச ஆரம்பித்தார்கள். ஆணா பெண்ணா என்றுகூட அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை.

“எப்படி இருக்கு?” என்றார்.

அவள் சிறிது நேரம் கேட்டாள். “நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு.”

“சம்பந்திகிட்ட கொண்டுபோகலாமா?”

“கொண்டுபோகலாம்.”

அவர் பின்மூடியை எடுத்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கத் தொடங்கினார்.